விருந்து மூன்று நாள்... பிறகு?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். நாலாம் நாளும் விருந்தாளி புறப்படாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். சரி, வந்தவள் ஆறு மாதம் தங்கப்போகிறவள் என்றால்? கடல் கடந்து வந்தவள், தமிழில் ஒரு வார்த்தை அறியாதவள் என்றால்?

புதுச்சேரியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இந்தச் சங்கடம்தான் வந்து சேர்ந்தது.

புதுச்சேரிக்கு வெளிநாட்டார் புதியவர்களா என்ன? 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகும் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆள்வதற்கு அல்ல. பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் என்ற அம்மையார் 1962-ல் ஏழைக் குழந்தைகளுக்காக ‘வொலொந்தாரியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1968 பிப்ரவரி 28-ந் தேதி ஊருக்கு வடக்கே ஆரோவில் பிறந்தது. அந்தச் செம்மண் பொட்டலில் மரம் நட்டுக் காடாக்கப் பல தேசத்து இளைஞர்கள் வந்தார்கள். இன்றைக்கும் கல்லூரிப் பருவத்துப் பெண்களும் பிள்ளைகளும் சில மாதம் தொண்டு செய்ய வருகிறார்கள். பெரும்பாலோர் விடுதியில் தங்குகிறார்கள். சிலர் குடும்பங்களில் தங்குகிறார்கள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மிஷன் வீதியிலிருந்து மேற்கே பிரியும் தெரு ஒன்றில் பெரியம்மாவின் வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உள்ள பழைய வீடு. பெரியப்பா காலமாகிவிட்டார். ஒரே மகன் பாரிசில். பெரியப்பாவின் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்துச் ‘சொல்தா’. ஆகையால் ‘பொன்ழூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டு வார்த்தைகளும் பெரியம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு! அந்தத் தைரியத்தில், லியோன் நகரத்துப் பெண் ஒருத்தியை மாடி அறையில் தங்கவைக்கச் சம்மதித்துவிட்டாள். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருவது அவள் வேலை. வயது இருபத்திரண்டு.

முதல் மூன்று நாள் வீடு அமர்க்களப்பட்டது. வடை என்ன, பாயசம் என்ன! அந்தப் பெண் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால், பெரியம்மா ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வாள். துடைப்பத்தைத் தொட்டால் பதறுவாள். நம் வீட்டில் நாம் செய்வது அதுதானே?

மார்கழியில் நான் இரண்டு நாள் தங்கப் போனபோது வீட்டில் ஒரு மௌனம். பெரியம்மா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பொழுது விடிஞ்சா மாடி, இருட்டினா மாடி. இன்னும் ஒரு தோசை போடட்டுமான்னா ‘வேண்டாம்’னு பட்டுனு சொல்லிடறா. எதுக்கெடுத்தாலும் ‘மெர்சி, மெர்சி’ன்னு வேற. வீட்டுக்குள்ளே என்னடி நன்றி? நான் என்ன ஓட்டலா வெச்சு நடத்தறேன்?”

அன்று மாலை அந்தப் பெண்ணோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஆறு மணிக்கு மேல் வண்டிகள் வராத சாலை. மனம்விட்டுப் பேச வசதியான இடம். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவள் சொன்னது இது: “மதாம் மிகவும் நல்லவர். ஆனால் நான் அவருக்குப் பாரம். என்னால்தான் அவர் நாள் முழுதும் உழைக்கிறார். அதனால் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறேன்.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! தொண்டு செய்யவென்று ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவளை, ஒரு தம்ளரைக் கழுவ விடாமல் உட்காரவைத்துவிட்டோம். அவளோ, நம் ஊரில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை, மூன்றாவதுதான் நிஜம் என்று அறியாமல், முதல் தடவையே நிஜத்தைச் சொல்லிவிட்டாள்.

இந்தச் சிக்கலை ஒருவர் முன்பே யோசித்திருக்கிறார். அமெரிக்காவில் டொனால்ட் வாட் என்பவர் 1932-ல் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். முதலில் எல்லோரையும் ஒரே முகாமில் தங்கவைத்துப் பார்த்தார். பிறகு ஆளுக்கொரு குடும்பத்தில் விடத் தொடங்கினார். அங்கே அவர்கள் விருந்தாளிகளாக அல்ல, அந்த வீட்டுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டுப் பிள்ளை என்றால் வேலையும் உண்டு, வசவும் உண்டு!

மறுநாள் காலையில் பின்கட்டு மரத்திலிருந்து பெரிய கட்டாக முருங்கைக்கீரை வந்தது. நான் ஒரு குறும்பு செய்தேன். முற்றத்தில் கட்டைப் பிரித்து, பாதியைப் பெரியம்மா முன்னாலும் பாதியை அந்தப் பெண் முன்னாலும் வைத்துவிட்டு, தலைவலி என்று எழுந்து போய்விட்டேன்.

கீரை ஆய்வது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. பாஷை தெரியாதவர்கள்கூட ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்காரலாம். கால் மணி கழித்து எட்டிப் பார்த்தேன். பெரியம்மாவின் குரல் கேட்டது: “ஐயையோ, ஈர்க்கோட போடாதே பாப்பா! தொண்டையில குத்தும். இப்படி உருவணும், இப்படி!”

அந்தப் பெண் அந்த வீட்டில் வாங்கிய முதல் திட்டு. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பரிசு வாங்கியவள் மாதிரி!

அன்று இரவு பெரியம்மா வெகு நேரம் தூங்கவில்லை. மகன் பாரிசுக்குப் படிக்கப் போன புதிதில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தான். இரண்டாம் நாளே அவனைத் தட்டுக் கழுவச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு இங்கே இவள் அழுது, முகம் தெரியாத அந்த வீட்டுக்காரியை வருஷக்கணக்கில் சபித்திருக்கிறாள். “அவ அப்பவே எம்பிள்ளையை வீட்டுப்பிள்ளையா நினைச்சிருக்கா. நான் புரிஞ்சுக்கலையே!” என்றாள் இருட்டில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி வரக்கூடும். ஆகவே இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். சொந்த வீடு என்பதால் விலக்கு இல்லை. இணையத்தின் மூலமே செய்துவிடலாம். தொண்டுக்கு ஏற்ற விசாதானா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று பணம். அனுப்புகிறவர்கள் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுப்பதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மா முதல் மாதப் பணத்தைத் தொடாமல் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அது பெருந்தன்மை இல்லை, அசட்டுத்தனம் என்பது என் அபிப்பிராயம். காஸ் சிலிண்டர் சும்மா வருகிறதா?

பங்குனியில் அந்தப் பெண் ஊர் திரும்பினாள். ‘மதாம்’ எப்போது ‘அம்மா’ ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை.

போன வாரம் பெரியம்மா டெலிபோனில் கூப்பிட்டாள். அடுத்த மாதம் வேறொரு பெண் வருகிறாளாம். “அவளுக்குக் கீரை ஆயத் தெரியுமாடி?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“போகட்டும். எதுக்கும் இன்னொரு முறம் வாங்கி வெச்சிருக்கேன்.”