அநுமானமும் பிரத்தியட்சமும்

பிள்ளைகள் கடல்கடந்து குடியேறிவிட்டபின் அபிராமபுரத்து அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் முதியவர்களுள் ஒருவர், கூடத்து நாற்காலியில் யாரோ ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதாகப் பதற்றமின்றிச் சொல்லத் தொடங்கினால், சுற்றத்தார் முதலில் வயதையும், அப்புறம் தூக்கமின்மையையும், கடைசியில் கிரகசாரத்தையும் குறைகூறுவார்களேயன்றி, மூளையின் உயிரணுக்களுக்குள் திரண்டு கிடக்கும் சில நுண்ணிய உருண்டைகளே இதற்குக் காரணமாகலாம் என்று நினைப்பது அபூர்வம். 1912-ல் ஃப்ரெடெரிக் லூயி என்ற ஜெர்மானிய வைத்தியர், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டவை அவை. 1919-ல் பாரிஸில் ஆராய்ந்த திரெத்தியாக்கோஃப், முன்னவரின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அவற்றின் பருமன். ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதமே அவற்றில் முக்கியமாகச் சேர்ந்திருக்கிறது என்பது தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. லூயி உருண்டைகளோடு காணும் மறதி நோயை வெறும் சித்தப்பிரமை என்று கொண்டு, மாயக்காட்சிகளை அடக்க ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால், நோயாளி கட்டைபோல் விறைத்து உயிராபத்துக்கே உள்ளாகக்கூடும். ஆதலால் நோய்க்குச் சரியான பெயரிடுவது சிகிச்சையின் முதற்படி. ஆனால் உயிரோடிருக்கும்போது வைத்தியர் செய்யும் நிர்ணயம் பெரும்பாலும் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அநுமானமே. முதுகுத்தண்டு நீரிலும் தோலிலும் அப்புரதத்தைத் தேடும் பரிசோதனைகள் இப்போது வந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் அவையும் சரியா என்று உரைத்துப் பார்க்கும் கல், இறந்தபின் மூளையைக் கண்ணால் காணும் பிரத்தியட்சமன்றி வேறில்லை.

அந்த உருண்டைகள் குற்றவாளிகள்தாமா என்பதே இன்னும் தீராத வழக்கு. நோயின் அறிகுறி ஏதுமின்றி வாழ்ந்து இறந்த அறுபது வயதைக் கடந்தோரிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அவை காணப்படுகின்றன. ஹண்டிங்டன் நோய் என்னும் வேறொரு வியாதியில், உள்ளே உருண்டை திரண்ட அணுக்கள் திரளாதவற்றைவிட நீடித்து வாழ்ந்ததை 2004-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிதறித் திரியும் நச்சுப் புரதத்தை ஒரு மூலையில் கட்டிவைத்து அணு தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயமாகவும் அது இருக்கலாம். இதைத் தீர்க்க நோயுற்ற மூளைகள் மட்டும் போதா; தெளிவாகவே வாழ்ந்து முடித்தவர்களின் மூளைகளும் வேண்டும்.

நம் நகரத்துக்கு இதில் தனிக் கடப்பாடு உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் சென்னை நோயாளிகளிடம் கண்டு எழுதியதும், இளவயதிலேயே முகமும் நாவும் கைகால்களும் தளர்ந்து, செவியும் மந்தித்து, ஆனால் மெதுவாகவே முற்றுவதுமான இயக்க நரம்பு நோய்க்கு, உலகத்து மருத்துவ நூல்கள் மெட்ராஸ் என்ற பெயரையே வழங்கிவருகின்றன. அந்நோயாளிகளின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்த ஆய்வுகளோ மிக மிகச் சில. பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1995-லேயே மூளைத் திசு வங்கி அமைத்துவிட்டது. அதன் பெயரைக்கூட நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை.

கண்தானத்துக்குத் தயங்காத மயிலாப்பூர் குடும்பங்கள்கூட மூளை என்றதும் பின்வாங்குகின்றன. பிராணன் உச்சந்தலையின் பிரம்மரந்திரம் வழியே போவதாக நம்புகிறவர்களுக்குக் கபாலத்தைத் திறப்பது அபசாரமாகத் தோன்றுவதை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் போனபின்பு திறப்பதால் போனவருக்கு என்ன தடை என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. கீறல் பின்தலை முடிக்குள் மறைந்துவிடும், முகம் சிதைவதில்லை, அபரக்கிரியைகளுக்கு உடல் திரும்பி வந்துவிடும். ஆனால் இறந்த சில மணி நேரத்துக்குள் காரியம் நடந்தாக வேண்டுமாதலால், சம்மதத்தை அழுகைக்கிடையில் கேட்காமல் முன்கூட்டியே எழுதி வாங்கிவைக்க வேண்டும்.

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது, மெச்சத்தக்க செயல். அம்மரியாதையை மூளை தந்தவர்களுக்கும் விரித்து, பெங்களூர் வரை அனுப்ப வேண்டாதபடி சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே ஒரு திசு வங்கியை நிறுவி, சம்மதப் பத்திரத்தை நரம்பியல் புறநோயாளிப் பிரிவின் மேசையிலேயே வைக்க அரசு முன்வரவேண்டும்.