மாசம் 500 கேள்வி

உப்பலில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு வருடமாக ஒரு பழைய பேப்பர் கடை நடக்கிறது. சோபாவுக்கு அடியில், டிவிக்கு மேலே, ஃபிரிட்ஜ் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் "கரண்ட் அஃபேர்ஸ் - 500 கேள்விகள்". மாதம் ஒன்று வருகிறது. போதாதற்கு வருடக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தலையணை சைஸில் இன்னொன்று.

கடையின் முதலாளி தங்கமணியின் அண்ணன் பெண். சிவில் சர்வீஸ் எழுதுகிறேன் என்று மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். "சென்னை அண்ணா நகர்ல ஹாஸ்டலுக்குக் கொட்டுற காசு மிச்சம், அத்தை வீட்ல இருந்து படிக்கட்டும், அங்கயும்தான் ஒரு அசோக் நகர் இருக்காமே" என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ், சிக்கடபள்ளி, அசோக் நகர் எல்லாம் கோச்சிங் பேட்டை. தினமும் உப்பலில் மெட்ரோ ஏறி, பரேட் கிரவுண்டில் மாறிப் போய் வருகிறாள். வயது 26. இரண்டு பிரிலிம்ஸ் போய்விட்டது.

சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹாலில் லைட் எரியும். எந்த மாநாடு எந்த ஊரில் நடந்தது, எந்த விருது யாருக்கு, எந்த ராணுவப் பயிற்சி எந்த நாட்டோடு என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். அப்புறம் எங்கே இடிக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். நம்ம ஏரியா கேள்வி ஒன்று கண்ணில் பட்டது. வங்கி டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வரம்பு எவ்வளவு? புத்தகம் சொன்ன விடை, ஒரு லட்சம். அட்டையில் என்னவோ பளபளவென்று புது வருடம்தான் போட்டிருந்தது! 2020 பிப்ரவரியிலேயே அது 5 லட்சமாகிவிட்டது. ஒரு லட்சம் என்பது 1993-ல் வைத்தது.

"ஏம்மா, இது தப்பு."

"தெரியும் மாமா. பென்சில்ல திருத்தி வச்சிருக்கேன் பாருங்க."

திருத்தித்தான் வைத்திருந்தாள். சபாஷ் என்றுவிட்டு, விடாமல் இன்னொன்று கேட்டேன். "உங்கப்பா ஒரே பேங்க்ல மன்னார்குடி பிராஞ்ச்ல 4 லட்சம், தஞ்சாவூர் பிராஞ்ச்ல 3 லட்சம் போட்டிருக்கார். பேங்க் மூழ்கிடுச்சு. எவ்வளவு வரும்?"

"7 லட்சம். ரெண்டும் தனித்தனி அக்கவுண்ட்தானே?"

இல்லை. வரம்பு ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு. எத்தனை கிளையில் பிரித்துப் போட்டாலும் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். வேறு வங்கியில் போட்டால்தான் தனிக் கணக்கு. (படிக்கிற நீங்களும் ஊரில் அப்பா அம்மா பெயரில் இருக்கிற டெபாசிட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் கவுன்டரில் தினமும் பார்க்கிறேன், படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை.) சரி, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணம்? கூட்டுறவு வங்கிக்கு இந்த இன்சூரன்ஸ் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது.

அவள் முகம் மாறிவிட்டது. புத்தகத்தில் "5 லட்சம்" என்று பென்சிலால் திருத்திய பெண்ணுக்கு, அந்த 5 லட்சம் என்னவென்று தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட கேள்வி அப்படி.

இந்த ஒரு வரிச் செய்திக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 1960-ல் கேரளாவில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. ஜனங்கள் பதறிப்போனார்கள். அதன் தொடர்ச்சியாகச் சட்டம் வந்து, 1962-ல் டெபாசிட் இன்சூரன்ஸ் ஆரம்பித்தது. அப்போது வரம்பு வெறும் 1,500 ரூபாய். அங்கிருந்து மெல்ல ஏறி 1993-ல் ஒரு லட்சத்தில் நின்று, இருபத்தாறு வருடம் அசையவே இல்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. மும்பையில் வயதானவர்கள் எல்லாம் தெருவில் நின்றார்கள். சில மாதத்தில் வரம்பு 5 லட்சமானது. வங்கி முடங்கினால் 90 நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமும் வந்தது. ஒரு ஆட்சியர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவா, அந்த ஒரு எண்ணா?

யுபிஎஸ்சி-க்காரர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் மூன்று வாக்கியம் கொடுத்து "1 மற்றும் 2 மட்டும்", "2 மற்றும் 3 மட்டும்" என்று விடை வரும். ஒரு வாக்கியம் தப்பென்று தெரிந்தாலே இரண்டு விடையை அடித்துவிடலாம். 2023 பிரிலிம்ஸில் பெரும் பகுதி கேள்விகளுக்கு "ஒன்று மட்டும்", "இரண்டு மட்டும்", "மூன்றும்" என்று எண்ணிக்கையைக் கேட்டுவிட்டார்கள். மூன்றும் ஒழுங்காகத் தெரிந்தால் ஒழிய நகர முடியாது. பொதுப்பிரிவு கட் ஆஃப் 2022-ல் 200-க்கு 88.22 இருந்தது, 2023-ல் 75.41-க்கு இறங்கியது. அடுத்த வருடம் திரும்ப 87.98.

நாம் பி.காம் ஆயிற்றே, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? 100 கேள்வி, சரியென்றால் 2 மார்க், தப்பென்றால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, அதாவது 0.66. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டை அடித்துவிட்டு மீதி இரண்டில் குத்தினால் கேள்விக்கு முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவாக வரவு. அந்த இரண்டை அடிக்கிற தைரியம் எங்கிருந்து வரும்? மனப்பாடம் அரைகுறையாக ஞாபகம் இருந்தால் "எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே" என்று குத்தத் தோன்றும். அங்கேதான் அவளுக்கு மார்க் ஒழுகியது. அவளுடைய பழைய விடைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். சுத்தமாகத் தெரியாத கேள்விகளை விட்டிருக்கிறாள். போனதெல்லாம் பாதி தெரிந்த கேள்விகளில்.

ஒரு வரிக் கேள்வியே வீண் என்று சொல்ல வரவில்லை. நானே அதைப் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். 2006-ல் பொது வங்கித் தேர்வெல்லாம் கிடையாது, ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக நடத்தும். நூலகத்தில் காம்படிஷன் சக்சஸ் ரிவ்யூ வாங்க க்யூ நிற்பேன். தலைநகரம், நாணயம், விருது என்று உருப்போட்டேன். அந்தத் தேர்வுக்கு அது போதும். இன்றைக்கும் பல தேர்வுகளுக்குப் போதும். அதே குதிரையில் ஏறி யுபிஎஸ்சி-க்குப் போகலாம் என்று நினைப்பதில்தான் கோளாறு.

மொழி வேறு இருக்கிறது. அவள் தமிழ் மீடியம். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழில் உருப்போட்ட ஒரு வரி ஆங்கிலத்தில் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வரும்போது அடையாளமே தெரியாது. விஷயம் புரிந்திருந்தால் எந்த பாஷையில் கேட்டாலும் தெரியும். நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் தலைகீழ். என் பையனுக்கு ஆங்கிலம் ஓடும், பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மொழி தெலுங்கு. டிஎன்பிஎஸ்சி-யில் 2021-க்குப் பிறகு தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம், அந்தப் பக்கம் இவன் தலைவைத்துப் படுக்க முடியாது. வெளிமாநிலத்தில் வளர்கிற பிள்ளைக்கு யுபிஎஸ்சி-தான் கொஞ்சம் அகலமான கதவு. அதற்காக எட்டாவதிலேயே "ஐஏஎஸ் ஃபவுண்டேஷன்" என்று பணம் கட்டி, கையில் இதே 500 கேள்வியைக் கொடுத்துவிடுகிறோம். போன மாதம் நண்பர் ஒருவர் மகனுக்கு வருடச் சந்தா கட்டிவிட்டுப் பெருமையாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை, காபி ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. மாதப் புத்தகம் நிறுத்தியாச்சு. வாரத்துக்கு மூன்று செய்தி, ஒவ்வொன்றுக்கும் அவளே கேள்வி தயாரிக்க வேண்டும், ஞாயிறு மாலை என்னிடம் கேட்க வேண்டும். கேள்வி தயாரிப்பது பதில் சொல்வதைவிடக் கஷ்டம் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. நம்பும்படியான தப்பு வாக்கியம் ஒன்று எழுத, சரியானது எது, ஏன் என்று முழுசாகத் தெரிய வேண்டும்.

முதலில் எடுத்தது தேசிய புவியிடக் கொள்கை. 2022 டிசம்பர் என்று அவளுக்குத் தெரியும். 2021 பிப்ரவரிக்கு முன்னால் தனியார் வரைபடம் தயாரிக்க எத்தனை அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்று தேடப் போனவள், சர்வே ஆஃப் இந்தியாவில் போய் நின்றாள். அதன் பயிற்சி நிறுவனம் இதே உப்பலில் இருக்கிறது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே 1802-ல் ஆரம்பித்தது நம் பரங்கிமலையில், லாம்டன் போட்ட அடிக்கோட்டிலிருந்து. "மாமா, தினமும் அந்த வழியாத்தான் போறேன்" என்றாள்.

போன ஞாயிறு என் முறை. மெட்ரோவில் போகிற வழியையே கேள்வியாக்கிவிட்டாள். ஹப்சிகுடா சிசிஎம்பி, அதன் பக்கத்து என்ஜிஆர்ஐ, தார்நாகா தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இவற்றில் இன்றைய தமிழ்நாட்டில் தொடங்கி ஹைதராபாத்துக்கு வந்தவை எத்தனை? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவும் இல்லை.

பதினைந்து வருடமாக இந்த ரோட்டில் போய் வருகிறேன். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. "எதுவும் இல்லை" என்றேன்.

"ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல குன்னூர்ல ஆரம்பிச்சது மாமா. 1958-லதான் இங்க வந்துச்சு. நம்மள மாதிரியே." நோட்டில் என் பெயருக்கு நேராக மைனஸ் 0.66 போட்டுக்கொண்டாள்.