ரேஸ் கார் நம் தெருக் கார் போலவே இருக்கட்டும்

வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், வார இறுதிகளில் ஒரு தினுசான கார்களைப் பார்க்கலாம். டிக்கி மேல் ஸ்பாய்லர், தரையை உரசும் பம்பர், ஊத்து வளைவில் உறுமினால் பெருமாள்மலை வரை கேட்கும் சைலன்சர். பிரேக்கும் டயரும் மட்டும் கம்பெனி கொடுத்தபடியே தேய்ந்துகொண்டிருக்கும். ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்கும் மலைப்பாதையில் உயிரைக் காப்பாற்றுவது பிரேக், டயர், சரியான கியர் இந்த மூன்றும்தான். காசு போனதோ மற்றதில். ரேஸ் பார்த்துப் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அவர்கள் பார்க்கும் ரேஸ் கார் எப்படி இருக்கிறது என்பதில் இருக்கிறது; இங்கே நமக்கு வேண்டியது அதுதான். ஓடுதளத்தில் ஓடும் கார் வெளித்தோற்றத்தில் எப்படி இருக்க வேண்டும்? ஷோரூமிலிருந்து வந்த உடலோடே ஓட வேண்டுமா, அல்லது இறக்கையும் அகன்ற மட்கார்டுமாக வேறு பிராணியாக மாறலாமா? சலூன் கார் ரேஸ் நடக்கும் தேசங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கம்பெனி உடலையே கட்டாயமாக்குவதுதான் சரி என்பது என் கட்சி.

நம்மூர் ரேஸின் வேர் கம்பெனி உடலோடு ஓடிய கார்களில்தான் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. அங்கே ஓடியவற்றில் ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களும் உண்டு. ஃபியட்டில் வந்து இறங்கியவர் ஃபியட் ஜெயிப்பதைப் பார்த்தார். தன் வண்டிக்குள் இவ்வளவு சரக்கு இருக்கிறதா என்று வியந்தார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் வந்த பிறகும் எஸ்டீம்களும் பிற்பாடு போலோக்களும் அந்த மரபைத் தொடர்ந்தன. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் திறந்த சக்கரங்களோடு பறந்த அந்தக் கார்களுக்கும், பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் ஓட்டிப்போன காருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

டூரிங் கார் என்று நாம் அழைக்கும் பந்தயக் காரைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெளியே தகரம் அதே தகரம். பானட்டைப் பூட்ட இரண்டு பின், இழுத்துச் செல்ல ஒரு கொக்கி, அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வெளியிலிருந்தே திருகக்கூடிய ஒரு சுவிட்ச். கதவைத் திறந்தால் உலகமே வேறு. பின் சீட் இல்லை, கார்ப்பெட் இல்லை, கூரைத் துணி இல்லை. தலைக்கு மேலும் கதவை ஒட்டியும் இரும்புக் குழாய்கள் கூண்டாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரைத் தோளோடும் இடுப்போடும் இறுக்கும் பட்டைகள், காலருகே தீயணைப்பான். வேகத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்கவும் அதுவே தோதான இடம். அனைவருக்கும் ஒரே தகரம் என்றாகிவிட்டால், ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் யார் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதே போட்டியாகிவிடும்.

ஸ்டாக் கார், அதாவது கடைக் கார், ரேஸின் தாயகமான அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பலமுறை படித்து, பலமுறை மறந்திருக்கிறது. கடையில் வாங்கியபடியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நாஸ்கார் அமைப்பு 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் முதல் பந்தயத்தை நடத்தியது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. அவர் ஓட்டிய ஃபோர்டின் பின் ஸ்பிரிங்கை, கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் பாணியில் மாற்றியிருந்ததைக் கண்டுபிடித்துத் தகுதிநீக்கம் செய்தார்கள். லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வெற்றி போனது. இருபது ஆண்டு கழித்துக் கதை தலைகீழானது. டாட்ஜும் பிளைமவுத்தும் கூர்மூக்கும், டிக்கிக்கு மேல் ஏறக்குறைய இரண்டடி உயர இறக்கையுமாக விசித்திர வண்டிகளைத் தயாரித்து, விதிக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கடைகளுக்கும் அனுப்பின. 1970இல் அப்படியொரு கார் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. கடைக்கு வந்த வண்டிகளில் பல விலைபோகாமல் கிடந்தன. மறு ஆண்டே சின்ன இன்ஜின் நிபந்தனை போட்டு நாஸ்கார் அவற்றை ஓரங்கட்டியது. பின்னாளில் குழாய்ச் சட்டத்தின் மேல் தகரத்தைப் போர்த்தி, ஹெட்லைட்டுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டும் நிலைக்கு ஸ்டாக் கார் வந்து சேர்ந்தது. 2007இல் எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் என்றானபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2013இல் கடையில் விற்கும் காரின் சாயலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் அங்கே டிரக் பிரிவில் ஓட்டி, அந்தப் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதையும் வாங்கினார். அவர் ஓட்டியதும் பெயருக்குத்தான் டிரக்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் பாதுகாப்பு. 2001இல் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மோதி இறந்த பிறகு நாஸ்கார் செய்தவற்றைச் சான்றாகக் காட்டுவார்கள். கழுத்தைத் தாங்கும் கருவி அதே ஆண்டில் கட்டாயமானது. மோதலை உள்வாங்கும் சுவர்கள் அடுத்த ஆண்டிலிருந்து வந்தன. இவை எதற்கும் காரின் வெளி வடிவத்தை மாற்றத் தேவையில்லை. 2007 வண்டியில் ஓட்டுநரைக் கதவிலிருந்து தள்ளி நடுப்பக்கமாக உட்காரவைத்தது நல்ல காரியம், அதற்கு அகலமான உடல் உதவியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே அந்த வண்டிகள் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தொடுகிறவை. 3.7 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டையிலும் 2.1 கிலோமீட்டர் கோவை செட்டிபாளைய ஓடுதளத்திலும் வளைவு அதிகம், வேகம் குறைவு. ஒழுங்காகப் பற்றவைத்த கூண்டும் காலாவதியாகாத பட்டையும் இங்கே முதல் தேவை. இறக்கைக்குச் செலவாகும் பணம் அவற்றுக்குப் போகட்டும்.

இரண்டாம் வாதம் கொஞ்சம் கனமானது. கம்பெனிகள் மாடலை நிறுத்திவிடுகின்றன. ஃபோக்ஸ்வாகன் 2010இல் போலோவை வைத்துத் தனிக் கோப்பையே நடத்தியது, 2022இல் போலோ தயாரிப்பையே இந்தியாவில் நிறுத்திவிட்டது. எஸ்டீம் போய்ப் பல வருடமாகிறது. ஒரு ஞாயிறு மோதலில் நசுங்கிய பானட்டுக்கு மாற்று தேடி ஓர் அணி பழைய இரும்புக் கடைகளை அலச வேண்டியிருக்கும். திண்டுக்கல்லிலோ தேனியிலோ சின்ன ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டு ரேஸுக்கு வர ஆசைப்படுகிறவருக்கு இது பெரிய சுமை. ஆகவே பானட், டிக்கி, பம்பர், மட்கார்டு ஆகியவற்றை ஃபைபரில் செய்துகொள்ள அனுமதிக்கலாம். அளவும் வளைவும் கம்பெனி உருப்படியோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவே. அச்சுப் பலகையை வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூரையும் தூண்களும் மட்டும் அசல் இரும்பாகவே இருக்கட்டும். உடல் வடிவத்தைத் திறந்துவிட்டால் செலவு குறையும் என்று சொல்வது நம்பும்படியாக இல்லை. காற்றோட்டத்தைக் கணக்கிட்டு வடிவமைக்க யாரிடம் காசு இருக்கிறதோ அவரே ஜெயிப்பார். வத்தலக்குண்டு மெக்கானிக் அதோடு வெளியே.

மூன்றாம் வாதத்தைத்தான் மலைக்காரர்கள் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். தன்னிடம் இருக்கும் அதே கார் டிராக்கில் சீறிப் பாய்வதைப் பார்க்கும் இளைஞன், அதைக் கொடைக்கானல் வளைவில் செய்து பார்க்க மாட்டானா? வடிவமே சம்பந்தமில்லாமல் இருந்தால் அந்த ஆசை வராதே? ஆசை வரும் என்பதில் சந்தேகமில்லை. எதைக் காப்பியடிப்பான் என்பதில்தான் விதிக்கு வேலை இருக்கிறது. வாங்கி ஒட்டக்கூடியதையே மனிதன் முதலில் காப்பியடிக்கிறான். ரேஸ் காரின் அடையாளம் இறக்கை என்றால் இறக்கை விற்கும். தன் காரைப் போலவே தோற்றமளிக்கும் வண்டி தன்னால் முடியாததைச் செய்கிறது என்றால், அதற்குக் காரணத்தை உள்ளே தேட வேண்டியிருக்கும்: பிரேக் பேட், டயர், ஓட்டுகிறவரின் பயிற்சி. அந்தத் தேடல் எல்லோரையும் திருத்திவிடும் என்று நான் சொல்லவில்லை, சிலரைத் திருத்தினாலும் லாபம். சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே உறுதிசெய்தது. சாலையில் தடுக்கப்படும் ஒன்றை டிராக்கில் விளம்பரப்படுத்துவானேன்?

ராலிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. அவர்களுடைய வண்டி ஒரு பந்தயக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பொதுச்சாலையில், நம்பர் பிளேட்டோடு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் வரிசையில் போயாக வேண்டும். மாருதி ஜிப்சி இங்கே இத்தனை காலம் ராலிகளில் நிலைத்ததற்கு, அது எந்த மலைக் கிராமத்திலும் பழகிய வண்டி என்பதும் ஒரு காரணம். புதிதாக வடிவமைக்கும் வேட்கை உள்ளவர்களுக்கும் வழி அடைபடவில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதியை 1988இல் உருவாக்கிய கோவை கரிவரதன் அந்தப் பாதையை அப்போதே போட்டுக் கொடுத்துவிட்டார். நரேன் முதல் பந்தயம் ஓட்டியதும் அந்த வண்டியில்தான். இறக்கையும் மூக்கும் ஃபார்முலா கார்களில் விதவிதமாக வரட்டும். சலூன் பிரிவில் ஓடுகிற காரைப் பார்த்ததும், அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேலரியில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகத்தில் இதற்கு நாலு வரி போதும்.