உளி பிடிக்கும் வயது

கைவினைஞர்களுக்காக ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் சேர 18 வயது நிரம்பியிருந்தால் போதும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் இந்த வயதும் சேர்ந்தால், கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை அப்பன் தொழிலுக்கே திரும்பிவிடுவான் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. மாற்றாக 2025 ஏப்ரலில் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த, பிள்ளைகளைக் குலத் தொழிலுக்கே அனுப்பும் என்று எதிர்க்கப்பட்ட கல்வித் திட்டத்தை மறக்காத மாநிலம் இது. அந்த மறுப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால், சிற்பத் தொழிலை மனதில் வைத்து இரண்டு திட்டங்களையும் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. இரண்டுமே வேலை தெரிந்தவருக்குக் கடன் கொடுக்கின்றன. வேலை தெரியாதவர் எங்கே, யாருடைய செலவில் கற்றுக்கொள்வார் என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை. விஸ்வகர்மா திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி என்று 5 முதல் 7 நாள்கள் உண்டு. கருங்கல்லில் ஒரு முகத்தை மட்டமாக்கப் பழகவே அது போதாது.

காரணம் கல்லிலேயே இருக்கிறது. மரம் என்றால் இழையைப் பார்த்து உளியை ஓட்டலாம். எதிர்த்து ஓட்டினால் பிளந்துகொள்ளும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். கருங்கல் வெட்டுப்படுவதில்லை, பொடிந்து உதிர்கிறது. உளியை அதிகம் சாய்த்தால் வழுக்கும். நிமிர்த்தி ஓங்கி அடித்தால் அடி உள்ளே இறங்கிக் கல் கன்றிப்போகும். அந்தக் கன்றல் அன்றைக்குக் கண்ணில் படாது. வேலையெல்லாம் முடிந்து மெருகு போடும்போதுதான் விக்கிரகத்தின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தலைகாட்டும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். உலையில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். இரும்பின் நிறம் மாறும் கணத்தைப் பார்த்துத்தான் இதைப் பிடிக்க முடியும். அந்தக் கண் வர ஆண்டுகள் ஆகும்.

சிற்பத்தில் எழுதிக் காட்டிக் கற்பிக்கக்கூடிய பகுதியும் உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதில் 12 அங்குலம். நவதாலச் சிலைக்கு 108 அங்குலம், உத்தம தசதாலத்துக்கு 124. இந்த அங்குலம் அடிக்கோலில் இருப்பதல்ல. சிலையின் உயரத்தை வகுத்து எடுக்கும் அலகு. அதனால்தான் ஒரு சாண் சிலைக்கும் முப்பது அடிச் சிலைக்கும் ஒரே கணக்கு செல்லுபடியாகிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரி இதை எந்தச் சாதிப் பிள்ளைக்கும், பெண்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவருகிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி நெடுங்காலம் முதல்வராக இருந்த இடம் அது. சிற்பம் ரத்தத்தில் வர வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கல்லூரியைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் பட்டப்படிப்பின் நேரம் வரைபடத்துக்கும் சாஸ்திரத்துக்கும் உளிக்கும் பங்கு போடப்படுகிறது. கை பழகுவது பட்டறையில்தான்.

பட்டறையிலோ இன்று பழகுநருக்கு இடமில்லை. இதற்குப் பலரும் சொல்லும் காரணம், இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாமல்லபுரத்தின் முடிவுறாத குடைவரைகளுக்குள் போய்ப் பாருங்கள். பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் மேட்டை உடைத்து எடுத்திருக்கிறார்கள். பாதியில் விட்ட கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அந்த மேடுகளை உடைத்தது தலைமைச் சிற்பியின் கையாக இருந்திருக்காது என்பது என் ஊகம். இந்தக் கரட்டு வேலைதான் எப்போதும் கற்றுக்குட்டியின் பள்ளிக்கூடம். அவன் வேண்டாத கல்லை உதிர்த்துக் கொடுப்பான். அதற்கு ஈடாகச் சாப்பாடும் வித்தையும் கிடைக்கும். வைரப் பல் வைத்த கட்டர் வந்தபின், நாள்கணக்கில் ஆன அந்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. சிற்பியின் தோள்பட்டை பிழைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்றுக்குட்டியால் பட்டறைக்கு இருந்த லாபம் போய்விட்டது. இப்போது அவன் கூடுதல் செலவு.

கூடவே தூசு. உளியடியில் பெரும்பாலும் சில்லாகத் தெறிக்கும் கல், கட்டரில் மாவாகப் பறக்கிறது. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ். நுரையீரலில் விழும் அந்தத் தழும்பை மாற்ற மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் பெரும்பகுதி தூசு அடங்கும். ஆனால் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அறுப்பதுதான் நடைமுறை. இந்த நிலையில் சிற்பி வீட்டுப் பிள்ளை கணினிப் பக்கம் போனால் அது அந்தக் குடும்பத்துக்கு நல்ல செய்தியே. கலை அழிகிறதே என்று மேடையில் உருகுகிறவர்கள் தம் பிள்ளையை அந்தத் தூசுக்குள் அனுப்பப்போவதில்லை. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2017-இலேயே கிடைத்துவிட்டது. குறியீடு பெயரைக் காக்கும். உளி பிடிக்க ஆளை உண்டாக்காது.

அப்படியானால் யார் வர வேண்டும்? விருப்பம் உள்ள யாரும். அதற்கு முன்மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாச் சாதியினரையும் சேர்த்துக்கொண்டு, மாதம்தோறும் ஊக்கத்தொகையும் கொடுத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது அறநிலையத் துறை. கருவறைக்குள் நிற்க அப்படிப் பயிற்சி கொடுக்க முடியும் என்றால், கருவறையைக் கட்டவும் முடியும். 18-க்கும் 35-க்கும் இடையில் இருப்பவருக்குத் தேவை கடன் அல்ல, மூன்று நான்கு ஆண்டுகள் வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் கற்க ஒரு மாதத் தொகை.

கருங்கல் திருப்பணிகளுக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் அதே துறை இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே, இத்தனை சிற்பிக்கு ஒரு பழகுநர், அறுப்பது தண்ணீர் விட்டுத்தான் என்று இரண்டு நிபந்தனைகள் எழுதலாம். கல் கெட்டால் தண்டம் யார் தலையில் என்று ஸ்தபதிகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பழகுநரை முதலில் விக்கிரகத்தில் விட வேண்டாம். படிக்கல், தளக்கல், மதில் கல் என்று ஒவ்வொரு திருப்பணியிலும் மட்டமாக்க வேண்டிய பரப்பு ஏராளம். அங்கே கெடும் கல்லுக்கு, நகைக்கடையில் சேதாரம் போடுவதைப் போல, மதிப்பீட்டிலேயே ஒரு சிறு விழுக்காட்டை ஒதுக்கிவிடலாம்.