எல்லை நகர்ந்த ஊர்களும் ‘வந்தேறி’ என்னும் சொல்லும்

கொள்ளேகாலிலிருந்து அனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் கௌதள்ளி. 1956 அக்டோபர் இறுதிவரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி கொள்ளேகால் வட்டம் முழுவதும் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. மைசூர் மாவட்டத்து ஊராக இருந்த கௌதள்ளி, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்து ஊராயிற்று. இத்தனை மாற்றங்களிலும் அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரடியும் இடம்பெயரவில்லை. இருப்பினும் ‘கர்நாடகத் தமிழர்’ என்றவுடன், பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் என்ற சித்திரமே பொதுவெளியில் எழுகிறது.

இச்சித்திரத்தின் பிழையை உணர அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு உதவும். 1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையால், மெக்சிகோவின் வடபகுதி பெருமளவில் அமெரிக்காவின் வசமாயிற்று. அந்நிலப்பரப்பில் வாழ்ந்த ஸ்பானிய மொழியினர், ஓராண்டுக்குள் மெக்சிகோவின் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்புவதாக அறிவிக்காவிடில் அமெரிக்கக் குடிமக்களாகக் கருதப்படுவர் என்று உடன்படிக்கை கூறியது. தாம் எல்லையைக் கடந்து வரவில்லை, எல்லையே தம்மைக் கடந்து சென்றது என அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சொல்வது இதன் பொருட்டே. டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் பல தலைமுறைகளாக வாழ்வோரிடம் ‘எப்போது வந்தீர்கள்?’ என்று கேட்பது வரலாற்றைத் தலைகீழாக்கும் கேள்வி.

அக்கேள்வி இயல்பானதாகத் தோன்றுவதற்கு வகைப்பாடும் ஒரு காரணம். 1930ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ‘மெக்சிகன்’ என்பதை ஓர் இனமாகப் பதிந்தது. 1980இல் ஹிஸ்பானிக் வம்சாவளி பற்றிய வினா எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்பட்டது. நியூ மெக்சிகோவின் பழங்குடியேற்றத்தார், 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களான போர்ட்டோ ரிக்கர்கள், கியூபாவின் அகதிகள், நேற்று வந்த குவாத்தமாலாத் தொழிலாளர் ஆகிய அனைவரும் ஒரே பெயருக்குள் அடங்கினர். அப்பெயர் அவர்களுக்கு அரசியல் வலிமை தந்தது. 2020இன் கணக்கெடுப்பில் அவர்கள் 6.2 கோடியைத் தாண்டினர். அதே பெயர் அவர்கள் அனைவரையும் குடியேறிகளாகக் காட்டவும் பயன்பட்டது.

‘கர்நாடகத் தமிழர்’ என்னும் தொடரும் இத்தகையதே. பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறியோர், கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து தென் கன்னடத்தின் ரப்பர்த் தோட்டங்களில் அமர்த்தப்பட்டோர், கொள்ளேகால் பகுதியின் பூர்வகுடித் தமிழர் என நான்கு வேறு வரலாறுகள் அதனுள் உள்ளன. முதல் மூன்றும் இடப்பெயர்வின் வரலாறுகள். நான்காவது எல்லைப் பெயர்வின் வரலாறு.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விலையை எளிய மக்களே கொடுத்தனர். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி எழுந்த வன்முறை பெங்களூரோடு நிற்கவில்லை. கர்நாடகத்தின் தென்கோடிச் சிற்றூர்களிலும் தமிழ் உழவர் நிலத்தையும் வீட்டையும் விட்டு ஓடினர். பின்னர் வீரப்பன் தேடுதல் வேட்டை வந்தது. அதன் கொடுமைகளை விசாரிக்க நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைக்கும் அளவுக்கு மலைப்புறத்து மக்கள், சோளகர் உட்பட, துன்புற்றனர். இக்காலத்தின் ஒரு முரண் எண்ணத்தக்கது. தமிழரான வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இன்று கர்நாடகத்தில் உள்ளது. 2000 ஜூலையில் அவர் கடத்திச் சென்ற கன்னடத் திரையுலகின் தலைமகன் ராஜ்குமாரின் பூர்வீக ஊரான கஜனூர் தமிழ்நாட்டில் உள்ளது. 1956க்கு முன் இரண்டும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர்கள்.

எல்லைக்கோடு தவறு என்பது இங்கு வாதமன்று. கொள்ளேகால் வட்டத்தில் கன்னடம் பேசுவோரே பெரும்பான்மையினர், இணைப்பு நியாயமானதே. எந்தக் கோடு வரைந்தாலும் அதன் இருபுறமும் சிறுபான்மையினர் எஞ்சுவர் என்பதை அன்றைய அரசு அறிந்தே இருந்தது. அதனால்தான் 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம், தாய்மொழியில் தொடக்கக் கல்வியை வலியுறுத்தும் 350அ பிரிவையும், மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலரை நியமிக்கும் 350ஆ பிரிவையும் அரசமைப்பில் சேர்த்தது. பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ இருப்பின் தாய்மொழி வழிக் கல்வி தரப்பட வேண்டும் என்ற நெறியும் வகுக்கப்பட்டது. குறை எங்கே எனில், சிறப்பு அலுவலர் அறிக்கை அளிக்கலாமேயன்றி ஆணையிட இயலாது. அமெரிக்காவின் வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் சேர்ந்த மொழிப் பிரிவு வேறு வகையானது. ஆங்கிலத் திறன் குறைந்த மொழிச் சிறுபான்மையினர் ஒரு கவுண்டியில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு அளிப்பது அங்கே சட்டக் கடமை. உரிமை மாநில அளவில் மட்டுமன்றி, மக்கள் வாழும் கவுண்டியின் அளவிலும் கணக்கிடப்படுகிறது.

தலைநகரிலேயே கன்னடம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்னும் கன்னடியரின் கவலை மெய்யானது. அதற்கான விடையைக் கௌதள்ளியின் குழந்தையிடம் தேடுவது முறையன்று. அக்குழந்தைக்குக் கன்னடம் செவ்வனே வேண்டும். வேலையும் அலுவலகமும் நீதிமன்றமும் அம்மொழியில் உள்ளன. அதனுடன் வீட்டு மொழியில் எழுதவும் படிக்கவும் உரிமை வேண்டும். இதனைக் கேட்கும் தமிழுலகம் தாளவாடியையும் நோக்க வேண்டும். அங்குள்ள கன்னடக் குழந்தைகளுக்கும் ஓசூர்ப் பகுதியின் தெலுங்கு, கன்னடக் குழந்தைகளுக்கும் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் இதே நெருக்கடியைத் தந்தது. தன் எல்லைக்குள் மறுப்பதை அண்டை மாநிலத்திடம் கேட்பவரின் குரலுக்கு அறவலிமை இராது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது. தாய்மொழி என்னும் கட்டத்தில் அச்சமோ வசதியோ கருதி வேறு மொழியை எழுதுவித்தால், பள்ளிக்கான கோரிக்கை எண்ணிக்கையிலேயே தோற்றுவிடும். வட்ட அளவிலான மொழி விவரங்களைக் காலந்தாழ்த்தாமல் வெளியிடுமாறு கோருவதும், கொள்ளேகாலையும் தாளவாடியையும் ஒரே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வதும் ஆய்வாளர் கடமை. அமாவாசை தோறும் மாதேஸ்வரன் மலையேறும் அடியவர்கள் இரு மொழிகளிலும் வேண்டிக்கொள்கின்றனர். அம்மலையடிவாரத்துப் பள்ளிகளிலும் இரு மொழிகளுக்கு இடமிருப்பது அரிதான கோரிக்கை ஆகாது.