ஒரு முடியின் சாட்சியம்

‘தி ஃபிளாஷ்’ தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தில் (2017–18) வரும் கொலை வழக்கை இந்த வாரம் மீண்டும் கண்டதால் எழுந்த எரிச்சலே இப்பத்திக்குக் காரணம். ஒலியைப் பன்மடங்கு விஞ்சி ஓடும் நாயகனின் உடல் காற்றின் உராய்வில் கருகாதது குறையன்று. அது கதை தொடங்கும்போதே பார்வையாளர் ஏற்றுக்கொண்ட கற்பனை. வழக்கு முடியும் விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. காவல்துறைத் தடயவியல் அலுவலரான பாரி ஆலன், டிவோ என்பவரைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெறுகிறார். பின்னர், உருமாறும் ஆற்றலுடைய நண்பர் இறந்தவரின் முகத்தோடு நீதிமன்றத்தில் வந்து நிற்க, பாரி விடுதலையாகிறார். அப்படியானால் உடற்கூறாய்வுக்கு உட்பட்ட பிணம் யாருடையது என்று கேட்டு, வந்தவரின் கைரேகையைச் சரிபார்த்த பிறகே நீதிமன்றம் முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஒத்திருப்பதை ஒன்றே என்று கொள்ளும் இப்பிழை குறித்த என் முறையீட்டை இப்பத்தியின் வாசகர்கள் முன்பே அறிவர். அப்பிழை மெய்யான நீதிமன்றங்களிலும் நிகழ்ந்தது என்பதே அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறது. அதற்கு எடுத்துக்காட்டு, தடயவியலில் கையாளப்பட்ட முடி ஒப்பீடு. அது இரு முடிகளின் நிறம், தடிமன், உள்ளமைப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து ஒப்பிடும் முறை. எத்தனை பேருக்கு அத்தகைய முடி இருக்கும் என்பதற்குத் தரவு இல்லாததால், அதைக் கொண்டு ‘ஒத்திருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. ஆனால் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வல்லுநர்கள் பல்லாண்டுகள் அந்த எல்லையைத் தாண்டிச் சாட்சியம் அளித்தனர். குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக அச்சாட்சியம் பயன்பட்ட 268 வழக்குகளை ஆராய்ந்ததில் 257-இல் பிழையான கூற்றுகள் இருந்ததாக 2015-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவற்றுள் குறைந்தது 33 வழக்குகள் மரண தண்டனையில் முடிந்தவை.

வாஷிங்டனில் 1978-இல் டாக்சி ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், கொலையாளி அணிந்திருந்ததாகக் கருதப்பட்ட காலுறை முகமூடியில் கிடைத்த முடிகளுள் ஒன்று, பதின்ம வயது இளைஞர் ஒருவரின் முடியோடு எல்லா வகையிலும் பொருந்துவதாக எஃப்.பி.ஐ. வல்லுநர் சாட்சியம் அளித்ததால் அந்த இளைஞர் சிறை சென்றார். வேரற்ற முடியிலிருந்தும் எடுக்கக்கூடிய, தாய்வழியாக மட்டுமே வரும் இழைமணி மரபணுவைக் கொண்டு 13 முடிகளையும் பின்னாளில் சோதித்தனர். அவற்றில் ஒன்றுகூட அவருடையதில்லை. ஒன்று நாயின் முடி. 2012-இல் நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தபோது, அவர் 20 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழித்திருந்தார்.