நீக்குவது கோழைத்தனமா?

சமூக ஊடகத்தில் போட்ட பழைய பதிவுகளை அழிப்பது கோழைத்தனம், வரலாற்றை மறைக்கும் வேலை என்று எழுதுகிறார்கள். வாக்குக் கேட்டு வருபவருக்கு இது பொருந்தும். அவர் சொன்னது பொதுச்சொத்து. எல்லோருக்கும் இதே சட்டமா?

திருத்தணி மலையில் பாருங்கள். மொட்டையடித்து, சந்தனம் பூசிய தலையோடு குழந்தை அழுகிறது. அப்பா படமெடுத்து, முழுப்பெயர், பிறந்தநாள், ஊர் எல்லாம் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடுகிறார். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்து "எடுத்துடுங்கப்பா" என்றால், அது எந்த வரலாற்றை மறைக்கிறது? அந்தப் பதிவை அவன் எழுதவே இல்லையே!

2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தெளிவாகச் சொன்னார்: சிறுவயதுத் தவறுகளின் விளைவைப் பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் சுமக்கக் கூடாது. தான் செய்த தவறுக்கே இப்படியென்றால், அப்பா போட்ட படத்துக்கு?

"ஒருமுறை போட்டால் போட்டதுதான்" என்பதும் பாதி உண்மையே. பிறர் சேமித்த நகல் தங்கும். ஆனால் நாளை தேடிவரும் அந்நியருக்கு உங்கள் பக்கத்தில் அது கிடைக்காது. பழைய பதிவுகளை மொத்தமாக நீக்கும் வசதியை ஃபேஸ்புக் 2020-லேயே தந்துவிட்டது. குப்பைத்தொட்டிக்குப் போனதை 30 நாளுக்குள் மீட்கவும் முடியும்.

பெற்றோரே, பிள்ளையைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.